தலைச்சுற்றல் நோயறிதலில் கண்ணசைவுச் சோதனையின் முதன்மை

திடீரெனத் தொடங்கி, மணிக்கணக்கில் விடாமல் தலை சுற்றும் நோயாளியை முதலில் ஸ்கேன் அறைக்கு அனுப்புவது பல அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வழக்கமாகிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் ‘காதுக் கோளாறு’ என்று மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த வரிசையே தவறு. கண்ணைப் பார்ப்பது முதலில்; படம் அதற்குப் பிறகு.

ஹால்மாகி, கர்த்தாய்ஸ் இருவரும் 1988-இல் விவரித்த தலைத்திருப்பல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நோயாளி மருத்துவரின் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்க, மருத்துவர் அவர் தலையை இரு கைகளாலும் பிடித்துச் சிறிதளவு, 10 முதல் 20 பாகை வரை, வெடுக்கெனத் திருப்புகிறார். உள்காது நலமாக இருந்தால் பார்வை மூக்கைவிட்டு விலகாது. உள்காதின் அரைவட்டக் குழலோ அதன் நரம்போ பழுதாகியிருந்தால், தலை அந்தப் பக்கம் திரும்பும்போது கண்களும் கூடவே போய்விடும். மறுநொடி ஒரே துள்ளலில் மூக்குக்குத் திரும்பும். துள்ளல் தெரிந்தால் பழுது பெரும்பாலும் காதில்தான். தெரியாவிட்டால்தான் அஞ்ச வேண்டும். உலகமே சுற்றிக்கொண்டிருக்க, காதின் அனிச்சைச் செயல் மட்டும் குறையின்றி இருக்கிறதென்றால், சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ பக்கவாதம் தாக்கியிருக்கக்கூடும்.

காட்டா, நியூமன்-டோக்கர் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான சான்று. பக்கவாத அபாயம் உள்ள 101 நோயாளிகளிடம் இச்சோதனையோடு, கண்ணதிர்வின் திசை, இரு கண்களின் மேல்கீழ் விலகல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பக்கவாதம் எதுவும் தப்பவில்லை. முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. படமோ 12 விழுக்காட்டினரிடம் பக்கவாதத்தைக் காட்டத் தவறியது. அவை எல்லாம் முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்த படங்கள். சிறுமூளையும் மூளைத்தண்டும் அமைந்த பின்பகுதியில் சி.டி. ஸ்கேன் இன்னும் பலவீனமானது.

மறுப்பும் நியாயமானதே. அங்கே சோதித்தவர் தேர்ந்த நரம்பியல் வல்லுநர். பழகாத கண்ணுக்கு அந்தத் துள்ளல் எளிதில் பிடிபடாது. கண்ணதிர்வோடு விடாமல் தலை சுற்றுபவருக்கு மட்டுமே இது பொருந்தும். படுக்கையில் புரளும்போது சில நொடிகள் சுற்றி நிற்பவருக்கு வேண்டியது 1952-இல் வந்த டிக்ஸ்-ஹால்பைக் சோதனை. உள்காதுக்குப் போகும் இரத்தக்குழாயே அடைபட்டால் பக்கவாதத்திலும் துள்ளல் தோன்றும். ஆகவே புதிதாகக் காது மந்தமானதா என்று கேட்டே ஆகவேண்டும். இவை பயிற்சியின் தேவையை உணர்த்துகின்றனவே தவிர, சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை.

கருவிச் சோதனைகளையும் இதே விழிப்போடு படிக்க வேண்டும். 1914-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பாரானியின் வழியில் வந்த வெப்பச் சோதனையில் 30, 44 டிகிரி செல்சியஸ் நீரைக் காதில் செலுத்துகிறோம். அது குழலின் மிக மெதுவான அசைவை அளக்கிறது. தலைத்திருப்பலோ விரைவான அசைவை. மெனியர் என்னும் உள்காது நோயில் முன்னது குன்றியும் பின்னது சரியாகவும் இருப்பதுண்டு. அதில் முரண் இல்லை.

மருத்துவக் கல்லூரிகள் இந்தக் கண்ணசைவுச் சோதனைகளை அவசர சிகிச்சைப் பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும்.