நாத் பை

நாத் பை (1922–1971) மராட்டியத்தின் கொங்கண் கரையைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர், பாரிஸ்டர், பிரஜா சோசலிஸ்ட் கட்சித் தலைவர்களுள் ஒருவர். வெங்குர்லாவில் பிறந்து லண்டனில் சட்டம் பயின்றார். 1957, 1962, 1967 தேர்தல்களில் ராஜாப்பூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார்.

வெளியுறவு விவாதங்களில் அவர் பேச எழுந்தால் எதிர்த்தரப்பும் காதுகொடுத்துக் கேட்டது. ஐரோப்பாவில் வாழ்ந்த காலத்தில் சர்வதேச சோசலிச இளைஞர் அமைப்பில் ஆற்றிய பணி, உலக அரசியலை அவருக்கு நேரடியாக அறிமுகப்படுத்தியிருந்தது. கோவா விடுதலைக்காகவும் உறுதியாகக் குரல் கொடுத்தார்.

சட்டத் துறையில் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1967இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா. அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் வகையில் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்த இயலாது என்று கோலக்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6–5 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்திருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கே திருத்தும் அதிகாரம் உண்டு என வாதிட்டு, அதை மீட்க முனைந்தார். மசோதா கூட்டுக்குழுவின் ஆய்வுக்குச் சென்றது, ஆயினும் சட்டமாகவில்லை. ஓர் எதிர்க்கட்சி உறுப்பினரின் மசோதா நாட்டின் அடிப்படையான கேள்வியையே அவையின் நடுவில் வைத்தது அரிய நிகழ்வு.

அவர் 1971 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு நிறைவேறிய 24ஆம் திருத்தம் நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரத்தை அளித்தது. 1973இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு அத்திருத்தத்தை ஏற்று, அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்றலாகாது என்ற வரம்பையும் விதித்தது.