ஜூரோங்கில் மழை, சாங்கியில் வெயில்... செயற்கை நுண்ணறிவால் கணிக்க முடியுமா?

ஜூரோங்கில் கொட்டும் மழை. சாங்கியில் சுள்ளென்று வெயில். நீங்களும் பார்த்திருப்பீங்க!

கூகள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், 10 நாளுக்கான உலக வானிலையை ஒரு நிமிடத்துக்குள் கணித்துவிடும்.

அப்போ சூப்பர் கம்ப்யூட்டர் எதுக்கு?

- கிராஃப்காஸ்ட் கற்றுக்கொண்டதே சூப்பர் கம்ப்யூட்டர்கள் தொகுத்த, சுமார் 40 ஆண்டு வானிலைத் தரவுகளிலிருந்துதான்.

- அது உலகைச் சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. சிங்கப்பூரின் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நம்ம தீவு இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிடும்!

- சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் 'சிங்-வி' முறையில் ஒரு கட்டம் 1.5 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் எப்படி மாறும் என்பதைச் சூப்பர் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. இடிமழை எந்த வட்டாரத்தில் உருவாகலாம் என்று பார்க்க அது உதவும்.

ஒன்று வேகம், மற்றொன்று நுணுக்கம். திடீர் வெள்ளத்துக்கு முன்பே உங்களை எச்சரிக்க இரண்டும் வேண்டும்.