முப்பதாயிரம் தாள்கள்

நூல் எழுதப் புகுமுன் அதன் திட்டத்தைப் பதிப்பாளரிடம் வைத்து இசைவு கேட்பது இன்றைய வழக்கம். எத்தனை பக்கம் வரும் என்று அவர் கேட்கிறார். நம் முகம் வாடுகிறது. ஆனால், இக்கேள்வி அச்சு இயந்திரத்தோடு பிறந்ததன்று.

தபரிஸ்தானின் ஆமுல் நகரில் 839-ல் பிறந்து, பக்தாதில் 923-ல் மறைந்தவர்கள் இமாம் தபரீ (ரஹ்) அவர்கள். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் ‘இம்லா’ முறையே அக்காலத்தில் நூல்கள் வெளிவந்த பெருவழி. எழுதுவோர் இசையாவிடில் நூல் உலவாது. எனவே, திருக்குர்ஆன் விரிவுரையொன்று சொல்லட்டுமா என இமாம் தம் மாணவரை வினவினார்கள். அளவு என்ன என்றனர் மாணவர். 30,000 தாள்கள் என்றதும், அது முடியுமுன் ஆயுள் முடிந்துவிடுமே என்றனர். இமாம் அதனை 3,000 அளவிற்குச் சுருக்கினார்கள். பின்னர் உலக வரலாற்றுக்கும் அதே அளவைக் கூற, அதே மறுமொழி வந்தது. மக்களின் ஊக்கம் மடிந்துவிட்டதே என வருந்தி, அதனையும் சுருக்கினார்கள். இது கத்தீப் பக்தாதீ தரும் செய்தி.

சுருங்கிய அவ்வரலாறே, 1879 முதல் 1901 வரை லைடன் நகரில் பல தொகுதிகளாக அச்சேறியது. தாள்களைக் குறைத்த இமாம், அறிவிப்பாளர் வரிசையைக் கைவிடவில்லை. ஒரே நிகழ்ச்சி பற்றிய மாறுபட்ட அறிவிப்புகளையும் மறைக்கவில்லை. பதிப்பாளர்மீது சினங்கொள்ளுமுன், எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதை நாம் இமாமிடம் கற்போமாக!