பல கை படும் பதிவேடு

ஒரே பதிவேட்டில் பல பேர் கை வைத்தால் என்ன ஆகும் என்பது பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்குப் பழகிய கவலை. கணினிக்காரர்களுக்கும் அதே கவலை உண்டு என்று, சிறுசேரியில் வேலை பார்க்கும் என் மருமகன் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் பங்கு உண்டு.

யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்றொரு பதிவு இருக்கும். உரிமையாளர், அளவு, மாற்றிய நேரம் எல்லாம் அதில் உண்டு. கோப்பின் பெயர் மட்டும் இருக்காது. நெம்மேலியில் ஒரு நிலத்தை ஊரார் 'தோப்புக்காணி' என்பார்கள். கணக்கிலோ சர்வே எண்தான். அது போல.

பல கணினிகள் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோது பூட்டு தேவைப்பட்டது. டிஜிட்டல் நிறுவனம் 1983-ல் அறிவித்த வாக்ஸ் கிளஸ்டரில், கணினிகள் தமக்குள் கேட்டு அனுமதி பெற்ற பிறகே எழுதும்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஆனந்த் பாபு பெரியசாமி. 2004 ஜூனில் உலகின் இரண்டாவது வேகமான கணினியாக இருந்த 'தண்டர்' உருவானதில் பங்கு கொண்டவர். 2005-ல் குனு, கிளஸ்டர் என்ற இரு சொற்களைச் சேர்த்து 'க்ளஸ்டர்' நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-ல் ரெட் ஹேட் அதைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

லஸ்டர் போன்ற முறைகளில் கோப்பு விவரங்களுக்கென்றே தனி சர்வர் உண்டு. க்ளஸ்டரில் அது கிடையாது. பெயரை வைத்துக் கணக்குப் போட்டே கோப்பு எந்த சர்வரில் என்று கண்டுபிடித்துவிடும். ஆனால் ஒவ்வொரு விவரத்துக்கும் சர்வரைக் கேட்டாக வேண்டும். எழுதும் முன் ஒவ்வொரு பிரதியிலும் ஐநோடைப் பூட்ட வேண்டும். அதனால் தாமதம்.

இரண்டு வழி கண்டார்கள். வாங்கிய பூட்டை உடனே விடாமல், அடுத்தடுத்த எழுத்துக்கும் சற்று வைத்துக்கொள்வது. வேறொருவர் கேட்டால் விட்டுவிடுவது. இரண்டாவது, விவரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொள்வது. முதலில் அந்த நகலை ஒரு விநாடிக்கு மேல் நம்ப முடியவில்லை. 2016-ல் வந்த 3.9 பதிப்பில், விவரம் மாறினால் நகல் வைத்திருப்போருக்கு சர்வரே தகவல் அனுப்பும். அதனால் பத்து நிமிடம்கூட வைத்திருக்கலாம் என்றானது.

நம் வில்லங்கச் சான்றும் நகல்தான். நேற்று வாங்கியதை இன்று நம்பி, இடையில் அடமானம் போன மனைக்குப் பணம் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாறிவிட்டது என்று அந்தக் காகிதம் சொல்லாது. ஆகவே கடற்கரைச் சாலைப் பக்கம் மனை வாங்கும் அன்பர்கள், பத்திரம் பதியும் அன்று காலை இன்னொரு முறை வில்லங்கம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.