தோட்டத்துப் பேரேடும் குடும்ப வரலாறும்: சுங்கை வே வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மகன் வயிற்றுப் பிள்ளையையும் மகள் வயிற்றுப் பிள்ளையையும் பேரன் என்றும் பேர்த்தி என்றும் அழைப்பது தமிழ் வழக்கு. பெயரன், பெயர்த்தி என்பனவே இவ்வாறு மருவின. பாட்டனின் பெயரையும் பாட்டியின் பெயரையும் தாங்குவோர் என்பது அவற்றின் பொருள். தலைமுறைத் தொடர்ச்சியை உறவுச் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்த இனம் நம்முடையது. ஆயினும், மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டனின் பெயரோடு நினைவு நின்றுவிடுகின்றது. பாட்டனின் தந்தை யார், அவர் எந்த ஊரிலிருந்து புறப்பட்டார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைப்பதில்லை.

இந்நிலைக்கு நம்மவர் எழுதிவைக்காமையே காரணம் எனப் பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. தோட்டப்புறத் தமிழரைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டது. எதற்காக எழுதப்பட்டது, எழுதப்பட்ட ஏடுகள் என்னவாயின என்பனவே ஆராயத்தக்கன. குடும்ப வரலாற்று ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பங்குகளின் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, சுங்கை வே வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் அதனை நோக்குவோம்.

சுங்கை வே வட்டாரம்

இன்று ஸ்ரீ செத்தியா என்றும் வழங்கும் சுங்கை வே, பெட்டாலிங் ஜெயா மாநகரின் ஒரு பகுதியாகும். முன்னர் இவ்வட்டாரம் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்ததாக இருந்தது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதையொட்டி இங்குப் புதுக்கிராமம் ஒன்று அமைந்தது. 1950-களில் எஃபிங்காம் தோட்டத்து நிலத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. 1970-களில் தடையற்ற வாணிப மண்டலமும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்தன. சீபோர்ட், சீபீல்டு முதலிய தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. கிளானா ஜெயாவிலும் சுபாங் ஜெயாவிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் அத்தோட்டங்களின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன.

இவ்வட்டாரத்திற்கும் ஸ்காட்லாந்துக்கும் தொடர்பு இல்லாமலில்லை. அருகிலுள்ள கிளன்மேரி என்னும் தோட்டப் பெயரில் வரும் 'கிளென்' பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல்லாகும். தமிழரை ஏற்றிவந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கழகம் வில்லியம் மெக்கின்னன் என்னும் ஸ்காட்லாந்தியரால் தொடங்கப்பெற்றது. அக்கழகத்தின் ரஜூலா கப்பல் 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்றதாகும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியோரைப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (1972 முதல் கிள்ளான் துறைமுகம்) அது இறக்கிவிட்டது. கப்பலைக் கட்டிய கம்மியரின் பேரப்பிள்ளைகள் தம் முன்னோரைப் பல தலைமுறை பின்னோக்கிச் சென்று காணவியலும். அக்கப்பலில் வந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு அது அரிதாக உள்ளது.

ஸ்காட்லாந்துப் பங்கு ஏடுகள்

ஸ்காட்லாந்தில் அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1855 சனவரி முதல் நாளன்று தொடங்கியது. அதற்கு முன்னர் 900-க்கும் மேற்பட்ட பங்குகளில் திருமுழுக்கும் திருமண அறிவிப்பும் திருச்சபை ஏடுகளில் எழுதப்பெற்றன. பெர்த்சயர் வட்டாரத்து எரோல் பங்கின் ஏடு 1553-இல் தொடங்குகின்றது. எஞ்சியுள்ளவற்றுள் அதுவே மிகப் பழையது.

இவ்வேடுகள் குறையற்றவை அல்ல. அடக்கப் பதிவுகள் பல பங்குகளில் இல்லை. 1783-இல் ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்சு வரி விதிக்கப்பட்டது. 1794-இல் அது நீக்கப்படும்வரை ஏழைகள் பலர் பதிவைத் தவிர்த்தனர். 1843-இல் திருச்சபை பிளவுபட்டபோது பிரிந்து சென்றோரின் பிள்ளைகள் பலர் பங்கு ஏட்டில் இடம்பெறவில்லை. ஒரே குடும்பப் பெயரை எழுத்தர்கள் பலவாறு எழுதினர். ஷெட்லாந்துத் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டு வரையிலும் தந்தை பெயரே மகனின் பின்பெயராயிற்று. ஆதலால் அங்குத் தலைமுறைதோறும் பின்பெயர் மாறியது. இது நம் வழக்கை ஒத்திருப்பது நோக்கத்தக்கது. முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் இடும் வழக்கமும் அங்குப் பரவலாக இருந்தது.

இத்தனை குறைகளுக்கிடையிலும் அவ்வேடுகள் பயன்படுவதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அவை உறவைப் பதிவு செய்தன. இன்னார் மகன், இன்னார் மனைவி என்பதே பதிவின் உள்ளடக்கம். மணமான பெண்ணின் பிறந்தகப் பெயரையும் ஸ்காட்லாந்து ஏடுகள் பெரும்பாலும் எழுதின. இரண்டாவது, 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பங்குகளில் சிதறிக்கிடந்த ஏடுகள் எடின்பரோவில் ஒன்றுதிரட்டப்பெற்றன. பின்னர் அவற்றுக்குப் பெயரடைவும் உருவாயிற்று.

தோட்டத்து ஏடுகள்

மலாயாத் தமிழரைப் பற்றிய பதிவுகள் பயணத்திற்கு முன்னரே தொடங்கின. 1907-இல் இந்தியக் குடிநுழைவுக் குழுவும் அதன் நிதியும் ஏற்பட்டன. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கான ஆள்சேர்ப்பு நின்றது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. உரிமம் பெற்ற கங்காணி தம் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்தார். சேர்ந்தோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தங்கவைக்கப்பட்டுக் கப்பலேறினர். இந்திய அரசு 1938-இல் இம்முறைக்குத் தடை விதித்தது.

தோட்டத்தை அடைந்தபின் தொழிலாளியின் பெயர் செக்ரோலில் ஏறியது. விடியுமுன் நடந்த பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டு வருகையைக் குறித்தார். வேலை செய்த நாள், ஊதியம், முன்பணம், பிடித்தம் ஆகியனவே செக்ரோலின் உள்ளடக்கம். 1920-களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வரையறுக்கப்பட்டன. ஆகவே, ஆண், பெண், சிறுவர் என்னும் பாகுபாடு ஊதியத்திற்காக எழுதப்பெற்றது. ஒரே இலயத்தில் வாழ்ந்த கணவனும் மனைவியும் செக்ரோலில் இரண்டு தனித்த ஆள்களாவர். பங்கு ஏடு உறவை எழுதியது. செக்ரோல் உழைப்பை எழுதியது. இவ்வேறுபாடே நம் ஆய்வின் அடிப்படைச் சிக்கலாகும்.

எல்லாத் தமிழரின் நிலையும் இதுவன்று. பிரிக்பீல்ட்சு வட்டாரத்தில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழருள் பலர் இரயில்வே முதலிய அரசுத் துறைகளில் எழுத்தர்களாகப் பணியாற்றினர். பணியேற்பும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் அரசுக் கோப்புகளில் பெயரோடு பதிவாயின. அங்குள்ள தமிழ்க் கிறித்துவ சபையினருக்குத் திருமுழுக்கு, திருமண ஏடுகளும் உண்டு. தமிழரிடையேயும் பதிவின் தன்மை தொழிலுக்கும் சமயத்திற்கும் ஏற்ப வேறுபட்டதை இதனால் அறிகின்றோம்.

பெயரும் ஊரும்

தோட்டப் பதிவுகளை நாடும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது எழுத்துச் சிக்கலாகும். உரோமன் எழுத்தில் லகர, ளகர, ழகர வேறுபாடும் குறில், நெடில் வேறுபாடும் பெரும்பாலும் மறைந்துவிடும். காளி என்பதையும் கலி என்பதையும் ஒன்றுபோலவே எழுதலாம். ஊர்ப்பெயரில் இச்சிக்கல் இன்னும் மிகும். ஆத்தூர் என்னும் ஊர் சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் உண்டு. மாவட்டமும் வட்டமும் எழுதப்படாத ஆவணத்தில் 'ஆத்தூர்' என்பது ஒரு குறிப்பே தவிர விடையன்று.

அடுத்தது தந்தை பெயர். மலேசிய ஆவணங்களில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் குறிகளோடு தந்தை பெயர் வருகின்றது. ஓர் ஆவணம் ஒரு தலைமுறையை மட்டுமே காட்டும். எனவே பிறப்புச் சான்றிதழிலிருந்து பெற்றோரின் திருமணப் பதிவுக்கும், அதிலிருந்து பாட்டனின் இறப்புப் பதிவுக்கும் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். பெண் மணமான பின்னும் தந்தை பெயரையே கொண்டிருப்பதால், ஸ்காட்லாந்து ஏடுகளைப் போன்றே தாய்வழியையும் தொடர இயலும். இவ்வாய்ப்பினை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

தமிழகத்தை அடைந்த பின்னரும் தடை உண்டு. அ-பதிவேடு, அடங்கல் ஆகியன நிலமுடையோரின் பெயர்களையே தருவன. கடல் கடந்தோருள் பெரும்பகுதியினர் நிலமற்ற உழைப்பாளர். ஆதிதிராவிட மக்கள் அவர்களுள் மிகப் பலர். வறுமையால் ஊரைவிட்டுப் பெயர்ந்தோரை ஊரின் ஏடும் முன்னரே விட்டுவிட்டது.

ஏட்டில் இல்லாதவை

சப்பானியர் காலம் (1941-1945) இத்தொடர்ச்சியில் ஆழ்ந்த முறிவை உண்டாக்கியது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவில்லை. அவர்களுக்குப் பெயர்ப்பட்டியலோ கல்லறையோ பெரும்பாலும் இல்லை. தந்தையைக் காட்டிலே இழந்த பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ் என்னும் படியே இல்லாமற் போயிற்று.

ஏடு தவறிய இடத்தில் வேறு சான்றுகள் துணைபுரிவன. குலதெய்வத்தின் பெயர் அவற்றுள் தலையாயது. ஊர்ப்பெயரை மறந்த குடும்பமும் குலதெய்வத்தின் பெயரை மறவாதிருத்தல் உண்டு. தமிழகக் குலதெய்வக் கோயில்களில் பங்காளிகளிடம் தலைக்கட்டுவாரியாக வரி வாங்கும் வழக்கம் இருப்பதால், அவ்வரிக் கணக்கு ஒருவகையில் பங்கு ஏட்டுக்கு நிகராகின்றது. ஊர்க்கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து தோட்டத்தில் கோயில் எடுத்தோரும் உண்டு. அத்தகைய கோயிலின் பெயரும் நன்கொடையாளர் பட்டியலும் புறப்பட்ட ஊரைக் காட்டும் சான்றுகளாகலாம்.

மற்றொன்று பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தோட்டத்தில் எழுதப்பெற்ற ஏடுகளுள் பிள்ளையையும் பெற்றோரையும் ஒரே வரியில் இணைத்து எழுதியது இதுவே எனலாம். செக்ரோல் பிரித்ததைச் சேர்க்கைப் பதிவேடு சேர்த்துவைத்தது.

முடிவுரை

குடும்ப வரலாறு ஓய்வுநேர நாட்டம் மட்டுமன்று. 1957 ஆகத்து 31-க்கு முன்னர்ப் பிறந்தோர் பலர் குடியுரிமையை விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. பிறப்பையும் வசிப்பையும் மெய்ப்பிக்க ஏடில்லாதோர் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாளைக் கழித்தனர். தோட்டம் விற்கப்பட்டபோது வீடு இழந்த மக்களுக்குத் தாம் அங்குப் பலகாலம் வாழ்ந்ததைக் காட்டும் தாளும் கூடவே அழிந்தது. ஒரு வரிப் பதிவின் மதிப்பு அப்போதுதான் புலனாகியது.

ஸ்காட்லாந்து நமக்குக் காட்டுவது முன்னோர்மீது கூடுதலான பற்றையன்று. குறையுள்ள ஏடுகளையும் ஓரிடத்தில் திரட்டிப் பெயரடைவு செய்த முறையையே அது காட்டுகின்றது. தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்திலுள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகள் ஆய்வாளர்க்கு உதவும். தோட்டத்து ஏடுகளைத் தேடிச் சேர்க்கும் பணியோ இன்னும் எஞ்சியுள்ளது. இந்நாட்டில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டங்களில் பிறந்து நகருக்கு இடம்பெயர்ந்தவை. பழைய சேர்க்கைப் பதிவேடு அப்பள்ளிகளின் அலமாரியில் இருக்குமாயின், தலைமையாசிரியர்கள் அதனைப் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். தமிழாசிரியர்கள், மாணவரைக்கொண்டு பாட்டன் பாட்டியரின் பெயர், ஊர், வட்டம், குலதெய்வம், வாழ்ந்த தோட்டம் ஆகிய ஐந்தினையும் தமிழ் எழுத்தில் கேட்டெழுதச் செய்தல் வேண்டும். கேட்டுச் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஆதலின் இப்பணியை இவ்வாண்டே தொடங்குதல் நன்று என்பது எமது கருத்தாகும்.