புதியவரும் பழம்பொருளும்

ஓர் ஊருக்குப் புதிதாக வந்தவன் பொருள் வாங்க நின்றால் கடைக்காரர் முகம் மலர்கிறது. அவனே பொருள் விற்க நின்றால் அதே முகத்தில் ஐயம் படர்கிறது. இப்பொருள் இவனுக்கு எங்கிருந்து கிடைத்தது, நாளை இவனை எங்கே தேடுவது என்னும் இரு வினாக்கள் சொல்லாமலே எழுகின்றன. அரிசியும் பருப்பும் விற்பவனிடம் இவ்வினாக்கள் அவ்வளவு கூர்மை பெறுவதில்லை. அவற்றை அளந்து பார்க்கலாம், சமைத்தும் பார்க்கலாம். பழங்காசு, பழைய தபால் தலை, ஓலைச்சுவடி, செப்புப் படிமம் ஆகியவற்றின் மதிப்போ பெரும்பாலும் அவற்றின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை எடுத்துச் சொல்பவனும் விற்பவனே. ஆதலின், பழம்பொருள் திரட்டும் ஆர்வலர் கூடிய இடமெங்கும், புதிதாக விற்க வருவோர்க்கெனச் சில நெறிகள் தோன்றியுள்ளன. அந்நெறிகள் எவ்வாறு பிறந்தன, யாரைக் காக்கின்றன என்பதை இவ்வாண்டு மலரில் சிறிது ஆராய்வோம்.

பிழைப்பை நாடிக் கொச்சிக்கு வந்து தோப்பும்படியில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. நம் வீட்டுப் பெட்டிகளில் பாட்டனார் காலத்துக் காசுகளும், பழங் கடித உறைகளும், பூசைப் பாத்திரங்களும் உறங்குகின்றன. நம் பிள்ளைகளுள் சிலர் தபால் தலையும் நாணயமும் சேர்க்கத் தொடங்கியுள்ளனர். சேர்ப்பவர் ஒருநாள் விற்கவும் முற்படுவர். அன்று அவர்களும் ஒரு புதிய சந்தையில் புதியவராகவே நிற்பர்.

புதியவன் ஒருவன் விலையுயர்ந்த பொருளை விற்கச் சென்றதால் விளைந்த கேட்டைச் சிலப்பதிகாரத்தைப்போல் உருக்கமாக உரைக்கும் நூல் நம்மிடம் வேறில்லை. கோவலன் புகார் நகரத்தில் பெருவணிகன் மகன். மதுரையிலோ அவன் யாரோ ஒருவன். ஒற்றைச் சிலம்பை விற்கப் புறப்பட்டபோது, அவனுக்குப் பிணை நிற்கத் தக்க வணிகர் எவரும் உடன் செல்லவில்லை. மணிகளின் குணமும் குற்றமும் தெரிந்து விலையிடுவோர் வாழ்ந்த வீதி அந்நகரில் இருந்ததை அக்காப்பியமே விரித்துரைக்கிறது. எனினும், வழியில் எதிர்ப்பட்ட அரண்மனைப் பொற்கொல்லனிடமே அவன் தன் பொருளைக் காட்டினான். அரசியின் சிலம்பை முன்னரே களவாடியிருந்த அப்பொற்கொல்லன் தன் பழியைப் புதியவன் தலையில் ஏற்றினான். அரசனும் ஆராயாது ஆணையிட்டான். அரசியின் சிலம்பிலிருந்த பரல் முத்து, கண்ணகியின் சிலம்பிலிருந்த பரல் மாணிக்கம் என்னும் உண்மை கோவலன் உயிர் நீங்கிய பின்னரே அவையில் வெளிப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் மூன்று குறைகளைக் காண்கிறோம். பொருளைக் கொணர்ந்தவனை அறிந்தவர் இல்லை. பொருள் வந்த வழியைக் கேட்டவர் இல்லை. பொருளை நடுநின்று சோதித்தவர் இல்லை. பிற்காலத்தார் வகுத்த நெறிகளெல்லாம் இம்மூன்று குறைகளையும் நிரப்பவே முயன்றன எனலாம். நாலாவதாக ஒன்றையும் மறத்தலாகாது. அங்கே வஞ்சித்தவன் புதியவன் அல்லன். ஊரறிந்த, அரசறிந்த பழையவன்.

கண்ணகி மதுரையை விட்டு வந்து சேர்ந்தது சேர நாடு. அந்நாட்டுக் கடற்கரை பழங்காலந்தொட்டே புதிய வணிகரை வரவேற்றது. ஆனால் நெறியின்றி வரவேற்கவில்லை. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு இதற்குச் சான்றாகும். தாணு இரவியின் ஆட்சிக் காலத்தில், வேணாட்டு அய்யன் அடிகள், கடல்கடந்து வந்த மருவான் சபீர் ஈசோ கொல்லத்தில் எழுப்பிய பள்ளிக்கு உரிமைகள் பல வழங்கினார். அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்கள் அவ்வேற்பாட்டில் பங்கு பெற்றன. நிறைகோலையும் அளவையையும் காக்கும் பொறுப்பு பள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரபு, பகலவி, எபிரேய எழுத்துக்களில் அயல் வணிகர் பலர் சாட்சிக் கையெழுத்து இட்டிருக்கின்றனர். புதியவர்க்கு உரிமை கொடுத்த அவ்வேடு பொறுப்பையும் கொடுத்தது, சாட்சியையும் கேட்டது.

ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யூத வணிகத் தலைவன் இசுப்பு இரப்பானுக்கு 72 உரிமைகளை அளித்த செப்பேடு மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெப ஆலயத்தாரால் போற்றிக் காக்கப்பட்டு வந்தது. தோப்பும்படியிலிருந்து நடந்தே சென்று சேரத்தக்க தொலைவிலுள்ள அவ்வாலயம் 1568இல் கட்டப்பட்டது. பரதேசி என்னும் பெயரே வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்னும் பொருளுடையது. வந்தேறிய வணிகக் குடும்பம் தன் உரிமைப் பத்திரத்தை உயிரெனக் காத்த செய்தியில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. எழுத்தும் சாட்சியும் உடையவன் எந்த ஊரிலும் நெடுநாள் புதியவனாக இரான்.

அதே யூதத் தெருவில் மிளகு வணிகரின் சங்கம் 1957இல் முறையான முன்பேரச் சந்தையைத் தொடங்கிற்று. அங்கே கூவி விலை பேசும் உரிமை உறுப்பினர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் யூத மக்களுள் பெரும்பாலோர் படிப்படியாக அங்கே சென்றனர். மிளகும் இஞ்சியும் நிறைந்திருந்த பண்டகசாலைகள் பல பின்னர் பழம்பொருட் கடைகளாயின. மிளகைக் கையிலெடுத்து முகர்ந்து தரம் கண்ட தெருவில், இன்று மரப்பெட்டியும் விளக்கும் நாணயமும் தரம் காணப்படுகின்றன. மிளகு பழையதாயின் விலை குறையும். இவை பழையனவாயின் விலை ஏறும். இவ்வொரு வேற்றுமையால் பொய் சொல்லும் ஆசையும் ஏறுகிறது.

கொச்சியின் தபால் தலைகளை எடுத்துக்கொள்வோம். கொச்சி அரசு தனக்கென அஞ்சல் துறை ஒன்றை நடத்தியது. இன்று தமிழில் தபாலுக்கு வழங்கும் அஞ்சல் என்னும் சொல்லே திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அத்துறைக்குப் பெயராக விளங்கியது. கொச்சியின் முதல் தபால் தலைகள் 1892இல் அரை, ஒன்று, இரண்டு புத்தன் என மூன்று மதிப்புகளில் வெளிவந்தன. ஆறு புத்தன் ஐந்து அணாவுக்கு ஒப்பாகும். புத்தன் என்னும் காசுப் பெயருக்குப் பொருள் புதியது என்பதே. புதியதாகப் பிறந்த காசு இன்று பழங்காசாகத் தேடப்படுவது காலத்தின் விளையாட்டு! 1949 ஜூலை முதல் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. 1951 ஏப்ரல் முதல் நாள் அஞ்சல் துறை இந்தியத் தபால் துறையில் கலந்தது. இடைக்காலத்தில் பழைய தலைகளின்மேல் புதிய எழுத்தும் புதிய மதிப்பும் அச்சிட்டு வழங்கினர். அவ்வெழுத்து தலைகீழாகவோ இருமுறையாகவோ விழுந்த தலை அரிய தலையாகிறது. மலிவான மெய்த்தலை ஒன்றின்மேல் பொய்யெழுத்தை அச்சிட்டு அரிய தலையாக்குவதும் கயவர்க்கு எளிதாகிறது.

இவ்விடர் உலகெங்கும் இருந்தது. 1840இல் இங்கிலாந்தில் முதல் தபால் தலை வெளிவந்த சில ஆண்டுகளிலேயே சேர்ப்போர் பெருகினர். சேர்ப்போர் பெருகவே போலி செய்வோரும் பெருகினர். 1869இல் தோன்றிய லண்டன் தபால் தலைச் சங்கம் 1894இல் வல்லுநர் குழு ஒன்றை அமைத்து, மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சான்று வழங்கலாயிற்று. அமெரிக்க நாட்டுத் தபால் தலை வணிகர் 1914இல் தமக்கெனச் சங்கம் கண்டனர். பிரான்ஸில் வாழ்ந்த ழான் தெ ஸ்பெராட்டி என்பார் வல்லுநரும் மயங்கும் வண்ணம் போலித் தலைகளை உருவாக்கினார். 1954இல் பிரிட்டிஷ் தபால் தலைச் சங்கத்தார் அவருடைய சரக்கையே விலை கொடுத்து வாங்கித் தொழிலை நிறுத்தச் செய்தனர் என்றால், அவ்வச்சம் எத்தகையது என்பது விளங்கும். 1973இல் அமெரிக்க அரசு, நாணயங்களின் படிகளில் அவை படி என்பது பொறிக்கப்பட வேண்டும் எனச் சட்டம் செய்தது.

சட்டமும் வல்லுநரும் எட்டாத இடத்தில் ஆர்வலர் தாமே வகுத்துக்கொண்ட முறைகள் அழகியவை. தபால் தலைச் சங்கங்களில் சுற்றுப் புத்தகம் என்னும் வழக்கம் உண்டு. விற்க விரும்பும் உறுப்பினர் தம் தலைகளைச் சிறு புத்தகத்தில் ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதி அனுப்புவார். அது வீடுதோறும் சுற்றிவரும். ஒரு தலையை எடுத்துக்கொண்டவர், அது இருந்த வெற்றிடத்தில் தம் குறியை இட வேண்டும். நல்ல தலையை எடுத்துக்கொண்டு கெட்ட தலையை ஒட்டி வைப்பவன் இதனால் பிடிபடுவான். முகமறியாதவர் சேர விரும்பினால், அறிந்த உறுப்பினரின் பரிந்துரையைக் கேட்பர். முதலில் சிறிய அளவில் விற்கவிட்டு, நாணயம் தெரிந்தபின் பெரிய பொருளை அனுமதிப்பர். 1956இல் சென்னையில் தென்னிந்தியத் தபால் தலை ஆர்வலர் சங்கம் தோன்றியது. அதுபோன்ற சங்கங்கள் முகமறியா ஆர்வலரை ஒருவர்க்கொருவர் தெரிந்தவராக்கின. காசின் நேர்மைக்கும் மனிதனின் நேர்மைக்கும் நாணயம் என்னும் ஒரே சொல்லைத் தமிழ் வழங்குவது எத்துணைப் பொருத்தம்!

பொருள் வந்த வழியை வினவும் நெறி வாங்குபவன் நலத்தோடு முடிவதன்று; நாட்டின் வரலாறே அதில் அடங்கியிருக்கிறது. 1983இல் பறவூரை அடுத்த வள்ளுவள்ளியில் ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவை கிடைத்த இடம் தெரிந்ததனால், முசிறிக் கரையோடு ரோமாபுரிக்கு இருந்த வணிகத்திற்கு அவை சான்றாயின. இடம் மறைத்துத் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால் பொன்னின் எடையே எஞ்சியிருக்கும், வரலாறு மறைந்திருக்கும். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசர் படிமத்தின் கதை இன்னும் கசப்பானது. பொய்யான பழைய உரிமைச் சான்றுகளோடு விற்கப்பட்ட அப்படிமத்தை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் பெரும்பொருள் கொடுத்து வாங்கியது. உண்மை வெளிப்பட்டபின், 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. தாள் இருந்தால் போதாது, தாளையும் சோதித்தல் வேண்டும் என்பதை உலகம் அன்று அறிந்தது.

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972இல் இயற்றப்பட்ட தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்குக் குறையாத காசும் சிற்பமும் கைவினைப் பொருளும் தொல்பொருளாகும். அறிவியல், வரலாறு, இலக்கியச் சிறப்புடைய சுவடிகளுக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகக் கொள்வோர் உரிமம் பெறல் வேண்டும். தனியார் எவரும் அவற்றை அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. நிலத்தில் புதையல் கண்டவர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே இந்தியச் சட்டம் விதித்தது. கேரளத்தில் 1968இல் இதற்கெனத் தனிச்சட்டம் எழுந்தது. அயல்நாட்டு அன்பர் ஒருவர் நல்ல விலை தருகிறார் என்று பாட்டியாரின் பழங்காசைத் தபாலில் சேர்க்குமுன் நம் இளைஞர் இவற்றை அறிதல் நலம்.

இவ்வரலாற்றிலிருந்து, புதிதாக விற்கப் புகுவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, சில காலம் வாங்கியும் கேட்டும் கற்ற பின்னரே விற்க முற்படுக. இரண்டாவது, சொந்தப் பெயரில் விற்று, அறிந்தவர் ஒருவரைச் சான்றாகக் காட்டுக. மூன்றாவது, பொருள் வந்த வழியை எழுத்தில் தருக. நான்காவது, குறையை மறையாது கூறுக. கிழிந்த தலையை ஒட்டியிருந்தால் ஒட்டியதென்றும், காசைத் தேய்த்து மெருகேற்றியிருந்தால் மெருகேற்றியதென்றும் சொல்லுக. பழங்காசைப் புளியிட்டுத் துலக்கினால் மதிப்புக் குறையும் என்பதை இல்லத்தரசியரும் நினைவில் வைத்தல் நன்று. ஐந்தாவது, விலையை முன்னரே சொல்லி, பொருள் மெய்யன்று எனத் தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக உறுதி கூறுக.

இவற்றைக் கேட்கும் இளைஞர் சிலர், புதியவன்மேல் மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று வினவலாம். வினா நியாயமானதே. கோவலனைக் கொன்ற பொய் பழையவன் வாயிலிருந்து பிறந்ததை முன்னரே கண்டோம். ஆதலின், புதியவனிடம் பிணை கேட்கும் குழு, பழையவனிடமும் நடுவுநிலையைக் கேட்டாக வேண்டும். பொருளின் அருமை தெரியாமல் ஒரு விதவைத் தாய் விற்க வரும் புத்தன் காசை, அருமை தெரிந்த மூத்தவர் அற்ப விலைக்கு வாங்குவாராயின் அதுவும் வஞ்சகமே. விலை தெரிந்தவர் தெரியாதவர்க்கு உண்மை விலையைச் சொல்லுதலே மூத்தோர்க்குரிய முதல் நெறியாகும். அது இல்லாத இடத்தில் புதியவர்க்கிட்ட விதிகள் வேலியாகா, வலையாகும்.

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்கள் இதற்கு ஒரு வழி காணலாம். வீட்டிலுள்ள பழம்பொருள் எதையும் விற்குமுன், அது யாருடையது, எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில் நம்மிடம் வந்தது என்பதைப் பெரியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைப்போம். பிள்ளைகள் தாம் சேர்த்ததை விற்கும்போது, அறிந்த மூத்தவர் ஒருவர் உடன் செல்வோம். மதுரைக் கடைவீதியில் கோவலனுக்கு வாய்க்காத துணை, கொச்சிக் கடைவீதியில் நம் பிள்ளைகளுக்கு வாய்க்கட்டும்.