தழும்பு மருந்தான கதை

கிரகணத்தை வெறுங்கண்ணால பாக்காதே எண்டு பெரியாக்கள் சொல்லுறது எங்களுக்குப் பழகின கதை. 2019 மார்கழியில் யாழ்ப்பாணத்துக்கு மேலால் வளையக் கிரகணம் போனபோதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சரியான எச்சரிக்கைதான். ஆனால் அப்படிப் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்ட ஒரு மாணவனின் கண்ணிலிருந்துதான், கண்ணை ஒளியால் சுட்டுக் குணப்படுத்தும் யோசனையே பிறந்தது. அது அவ்வளவாகப் பேசப்படாத கதை.

முதலில் விழித்திரையைப் பற்றிக் கொஞ்சம். கண்ணின் பின்சுவரில் உட்பக்கமாக விரிந்திருக்கும் மெல்லிய நரம்புத் தாள் அது. தடிப்பு ஏறக்குறைய கால் மில்லிமீற்றர். ஒளி அதில் விழுந்துதான் மூளைக்குச் செய்தியாகப் போகிறது. அதன் வெளிப்படைக்கு உணவும் ஒட்சிசனும் பின்னால் உள்ள குருதிக்குழாய்களிலிருந்து வருகின்றன. அந்தத் தாள் சுவரைவிட்டுக் கழன்றால் பட்டினி கிடந்து சாகத் தொடங்கும். அதுக்கு நோவும் தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1851 வரைக்கும் உயிரோடு இருக்கும் ஒருவரின் விழித்திரையை வைத்தியர்களால் ஒழுங்காகப் பார்க்கவே முடியவில்லை. அந்த வருடம் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் ஒளியை அனுப்பி உள்ளே பார்க்கும் கருவியைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு கழன்ற விழித்திரையைக் கண்ணால் காணலாம். ஆனால் ஒண்டும் செய்யேலாது. நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள், உள்ளே தேங்கிய நீரை எடுத்துப் பார்த்தார்கள். 1912 இல் அமெரிக்கக் கண் வைத்தியர்களிடம் எடுத்த கணக்கில், குணமானது ஆயிரத்தில் ஒருவர்தான் எண்டு வந்தது.

இதை மாற்றியவர் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரத்து ஜூல் கோனன். கழன்ற விழித்திரைகளில் சின்னச் சின்னக் கிழிசல்கள் இருப்பதை அவருக்கு முன்னரும் சிலர் கண்டிருந்தார்கள். அது கழன்றதால் வந்த கிழிசல், காரணம் வேறு எண்டுதான் பலர் நினைத்தார்கள். கோனன் மறுபக்கமாகச் சொன்னார்: கிழிசல்தான் காரணம். கண்ணை நிரப்பியிருக்கும் ஜெலி சுருங்கும்போது விழித்திரையை இழுத்துக் கிழிக்கிறது. அந்த ஓட்டையால் நீர் பின்னுக்குப் போய்த் தாளைக் கிளப்புகிறது. அப்ப ஓட்டையை அடைத்தால் போதும்.

எப்படி அடைப்பது? ஓட்டை எங்கே இருக்கிறது எண்டு பொறுமையாகத் தேடி, படம் வரைந்து, அளந்து, கண்ணின் வெள்ளைச் சுவருக்கு வெளியில் அதே இடத்தைக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் பழுக்கக் காய்ச்சிய முனையால் சுட்டார். சுட்ட இடத்தில் தழும்பு வரும், தழும்பு தாளைச் சுவரோடு ஒட்டவைக்கும். பல வருடங்கள் மற்றவர்கள் நம்பவில்லை. 1929 இல் அம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேசக் கண் மருத்துவ மாநாட்டுக்குப் பிறகுதான் அவரது வழி பரவலாக ஏற்கப்பட்டது. 1935 இல் அவர் இறந்தார். ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வெற்றி அதற்குள் பாதி அளவுக்கு வந்துவிட்டது.

இனித்தான் கிரகணம். 1945 யூலை 9. ஐரோப்பாவில் யுத்தம் முடிந்து இரண்டு மாதம். அன்று கிரகணத்தைப் பாதுகாப்பில்லாமல் பார்த்த ஒரு மருத்துவ மாணவன், ஹம்பேர்க்கில் இளம் கண் வைத்தியராக இருந்த கெர்ஹார்ட் மேயர்-ஷ்விக்கராத்திடம் வந்தான். கூர்மையான பார்வைக்கு உரிய மஞ்சட்பொட்டில் ஒரு எரிகாயத் தழும்பு. சூடு வைத்துச் சத்திரசிகிச்சை செய்யும்போது வரும் தழும்பைப் போலவே அது இருந்தது. வெட்டாமல், கண்ணைத் தொடாமல், வெறும் ஒளியால் இந்தத் தழும்பை வேண்டிய இடத்தில் போடலாமே எண்டு அவர் யோசித்தார்.

முயல்களில் சோதித்தார். ஆஸ்பத்திரிக் கூரையில் கண்ணாடிகள் பூட்டிச் சூரிய ஒளியையே நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். 1949 அளவில் முதல் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். ஆனால் ஹம்பேர்க் வானத்தில் முகில் வந்தால் வேலை நிண்டுபோகும். அதனால் காபன் வில்விளக்குக்கு மாறினார். 1950களில் ஸைஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செனன் விளக்கில் இயங்கும் கருவி உருவானது. 1960 இல் லேசர் வந்ததும், இன்னும் நுட்பமாகச் சுடலாம் எண்டு கண் வைத்தியர்கள் உடனேயே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வழி சீனி வருத்தக்காரருக்கும் உதவியது. சீனி கூடினால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும். ஒட்சிசன் காணாத பகுதி புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சைகை அனுப்பும். அந்தக் குழாய்கள் பலவீனமானவை. வெடித்து இரத்தம் கசியும், தழும்பாகி விழித்திரையை இழுக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒளிச்சூடு வைத்து, மற்றக் கண்ணை அப்படியே விட்டார்கள். 1976 இல் வந்த முடிவின்படி கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. அதோடு, விட்ட கண்ணுக்கும் சிகிச்சை கொடுக்கலாம் எண்டு ஆய்வின் விதியையே மாற்றினார்கள்.

இதற்கு விலையும் இருக்கு. ஓரங்களில் நூற்றுக்கணக்கில் சுடும்போது அந்த இடத்துப் பார்வை போகும், இரவுப் பார்வையும் குறையலாம். நடுவைக் காக்க ஓரத்தைக் கொடுக்கிறோம். 2005க்குப் பிறகு, அந்த வளர்ச்சிச் சைகையையே தடுக்கும் ஊசிமருந்துகள் வந்து லேசரின் தேவையைப் பல இடங்களில் குறைத்திருக்கின்றன. எண்டாலும் கிழிசலைச் சுற்றி ஒட்டவைக்க இண்டைக்கும் தழும்புதான் போடுகிறார்கள்.

இந்த வரலாற்றில் எல்லாச் சிகிச்சையும் இருப்பதைக் காப்பாற்றத்தான் நல்லாய் உதவியிருக்கிறது, செத்த நரம்பைத் திருப்பித் தரவில்லை. அதனால் வீட்டில் சீனி வருத்தம் உள்ள அம்மம்மா, மாமா, அப்பா யாராயிருந்தாலும், கண் நல்லாய்த் தெரியுது எண்டு சொன்னாலும், வருடத்துக்கு ஒருக்கா கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கண்மணியை விரிக்கும் துளி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ. கண்ணுக்குள் மின்னல் அடித்தால், திடீரெண்டு கறுப்புப் புள்ளிகள் கொட்டினால், ஒரு பக்கம் திரை விழுந்த மாதிரி இருந்தால், விடியட்டும் எண்டு இருக்காமல் அண்டைக்கே போக வேணும்.